தந்திக் கம்பி போட்ட டாக்டர்

பங்காருபாளையத்தில் மாங்காய் சீசன் வந்துவிட்டால் மார்க்கெட் யார்டு முன்பு டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டி நிற்கும். தோத்தாபுரி மாங்காய் டன் என்ன விலைக்குப் போகிறது என்று வியாபாரி ஒருவர் செல்போனில் தட்டுகிறார். கண் இமைக்கும் நேரத்தில் அது கிருஷ்ணகிரியில் உள்ள மாங்கூழ் தொழிற்சாலைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் சரி என்றால் லாரி புறப்படுகிறது.

இடையில் ஆள் ஓடவில்லை. குதிரை ஓடவில்லை. தபால் வண்டியும் போகவில்லை. செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தது.

இதைத்தான் இன்டர்நெட் என்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் படித்தவர்களும் விழிக்கிறார்கள்.

அது அப்படி ஒன்றும் மந்திர வித்தை அல்ல. மின்சாரத்தில் செய்தி அனுப்பும் வித்தை இந்தியாவுக்கு வந்து 170 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதைக் கொண்டுவந்தவர் என்ஜினீயர் அல்ல. ஒரு டாக்டர். அவர் பெயர் வில்லியம் புரூக் ஓஷானசி.

அவருடைய கதை தெரிந்தால் இன்டர்நெட்டின் கதையும் பாதி விளங்கிவிடும்.

லைசென்ஸ் கிடைக்காத டாக்டர்

ஓஷானசி 1809-ம் ஆண்டு அயர்லாந்து நாட்டில் லிமெரிக் நகரில் பிறந்தார். ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1829-ல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது சுமார் 20.

பட்டத்தோடு லண்டன் போனார். அங்கே வைத்தியம் பார்க்க லைசென்ஸ் வேண்டும். அது அவருக்குக் கிடைக்கவில்லை. கையில் படிப்பு இருந்தும் தொழில் செய்ய வழி இல்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. ரசாயன சோதனைக்கூடம் வைத்தார். விஷம் கலந்திருக்கிறதா, ரத்தத்தில் என்ன இருக்கிறது என்றெல்லாம் சோதித்துச் சொல்லும் வேலையில் இறங்கினார்.

1831-ல் இங்கிலாந்தில் காலரா புகுந்தது. சண்டர்லாந்து துறைமுகப் பட்டினத்தில் மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். அந்தக் காலத்து டாக்டர்கள் காலரா நோயாளியின் உடலில் இருந்து ரத்தத்தை வெளியேற்றி வைத்தியம் செய்தார்கள். ஏற்கனவே வற்றிப்போன உடம்பில் மிச்சத்தையும் எடுத்தார்கள்.

22 வயது ஓஷானசி அங்கே போனார். நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். அதில் தண்ணீரும் உப்பும் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டார். குறைந்து போனதை உடம்புக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று எழுதினார்.

அவர் எழுதியதைப் படித்த தாமஸ் லாட்டா என்ற டாக்டர் 1832-ல் உப்பு நீரை நோயாளியின் ரத்தக் குழாயில் ஏற்றினார். சாகும் நிலையில் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

இன்று சித்தூர் அரசு ஆஸ்பத்திரி ஆனாலும் சரி, சிறு கிராமத்து நர்சிங் ஹோம் ஆனாலும் சரி, கட்டில் பக்கத்தில் குளுக்கோஸ், சலைன் பாட்டில் தொங்குகிறதே, அதற்கு விதை போட்டவர்களில் ஓஷானசியும் ஒருவர். ஆனால் அன்று பெரிய டாக்டர்கள் அதை ஏற்கவில்லை. பல ஆண்டுகள் அது மூலையில் கிடந்தது.

எது குறைந்தது என்று பார், அதைத் திருப்பிக் கொடு. இதுதான் அவர் கண்ட பாடம். இந்தப் பாடம் பின்னால் வேறு இடத்திலும் வரப்போகிறது.

கல்கத்தாவில்

லண்டனில் பிழைப்பு கிடைக்காத அவர் 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி சர்ஜனாகச் சேர்ந்து கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். 1835-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அங்கே ரசாயனப் பேராசிரியர் ஆனார்.

இந்திய வைத்தியர்கள் பயன்படுத்திய மூலிகைகளை அவர் அலட்சியம் செய்யவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் புத்தகம் எழுதினார். கஞ்சாவில் மருந்துக் குணம் உண்டு என்பதை ஐரோப்பிய டாக்டர்கள் பரவலாக அறிந்தது அவர் எழுதிய பிறகுதான்.

இவ்வளவு வேலைக்கு நடுவே மின்சாரப் பைத்தியம் அவரைப் பிடித்துக்கொண்டது.

1839-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் பல மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்தார். ஒரு முனையில் இருந்து மின்சாரத்தை அனுப்பினால் மறு முனையில் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. மறு முனையில் இருப்பவர் விரலில் லேசான அதிர்ச்சி ஏற்படும். அதை வைத்துச் செய்தி அறியலாம் என்று கண்டார். ஹூக்ளி ஆற்றுத் தண்ணீருக்குள் கம்பியைப் போட்டும் சோதித்தார்.

அமெரிக்காவில் மோர்ஸ் என்பவர் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி அனுப்பிப் புகழ் பெற்றது 1844-ல். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே கல்கத்தா தோட்டத்தில் இந்தச் சோதனை நடந்துவிட்டது. ஆனால் கம்பெனி அதிகாரிகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து ஆண்டுகள் வீணாகக் கழிந்தன.

டல்ஹவுசி வந்தார்

1848-ல் டல்ஹவுசி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்தார். ரயில், தபால், தந்தி மூன்றும் இருந்தால்தான் இவ்வளவு பெரிய நாட்டைக் கட்டியாள முடியும் என்று அவர் நினைத்தார். அப்போது கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்து வந்த ஓஷானசியைக் கூப்பிட்டார். ஒரு சோதனைக் கம்பி போடச் சொன்னார்.

1850 நவம்பரில் வேலை தொடங்கியது. கல்கத்தாவில் இருந்து டயமண்ட் ஹார்பர் என்ற துறைமுகம் வரை சுமார் 30 மைல். 1851-ல் கம்பி வேலை செய்யத் தொடங்கியது.

இந்த வேலையில் ஓஷானசிக்கு வலது கையாக இருந்தவர் சிப் சந்திர நந்தி என்ற வங்காளி இளைஞர். நாணயச் சாலையில் சாதாரண வேலையில் இருந்தவர். டயமண்ட் ஹார்பரில் இருந்து முதல் செய்தியைத் தட்டியவர் அவர்தான். கல்கத்தா முனையில் ஓஷானசி அதை வாங்கினார். டல்ஹவுசி பக்கத்தில் நின்று பார்த்தார்.

இந்தியாவின் முதல் தந்தி ஊழியர் என்று நந்தியைச் சொல்லலாம். பின்னாளில் பத்மா நதியின் குறுக்கே கேபிள் போட வேண்டி வந்தது. அதற்குரிய கப்பல் இல்லை. நந்தி மீன் பிடிக்கும் படகுகளை அமர்த்தி வேலையை முடித்தார்.

மூங்கிலும் இரும்பும்

இங்கிலாந்தில் செய்தது போல இங்கே செய்ய முடியாது என்பதை ஓஷானசி முதலிலேயே தெரிந்துகொண்டார். இங்கே கம்பத்தைக் கரையான் அரிக்கும். கம்பியில் குரங்கு தொங்கும். பருந்தும் கழுகும் உட்காரும். புயல் அடிக்கும். மாதக்கணக்கில் மழை கொட்டும்.

மெல்லிய கம்பி தாங்காது என்று விரல் பருமன் இரும்புக் கம்பிகளைப் பற்ற வைத்து நீளமாக்கினார். மூங்கில் கிடைத்த இடத்தில் மூங்கில் நட்டார். தெற்கே கல் கிடைத்த இடத்தில் கல்தூண் நட்டார். செய்தி காட்டும் கருவியையும் உள்ளூரிலேயே மலிவாகச் செய்துகொண்டார். ஒரு முள் இடமும் வலமும் அசையும். அந்த அசைவைப் பார்த்து எழுத்தை அறிய வேண்டும்.

சோதனை வெற்றி பெற்றதும் டல்ஹவுசி அவரை லண்டனுக்கு அனுப்பினார். கம்பெனி டைரக்டர்கள் சம்மதம் தந்தார்கள்.

1853 நவம்பரில் பெரிய வேலை தொடங்கியது. கல்கத்தாவில் இருந்து ஆக்ரா வரை 800 மைல் கம்பியை சுமார் ஐந்தே மாதத்தில் போட்டு முடித்தார்கள். 1854 மார்ச்சில் ஆக்ராவுக்கு முதல் தந்தி போனது. அங்கிருந்து பம்பாய். பம்பாயில் இருந்து சென்னை. பெங்களூரும் ஊட்டியும் கூட அந்தக் கம்பியில் சேர்ந்தன.

1855 பிப்ரவரி 1-ந் தேதி பொதுமக்களும் தந்தி அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். 16 வார்த்தைக்கு, ஒவ்வொரு 400 மைலுக்கும் ஒரு ரூபாய் கட்டணம். முகவரியும் வார்த்தைக் கணக்கில் சேரும். அன்றைக்கு ஒரு ரூபாய் என்பது கூலி ஆளுக்குப் பல நாள் சம்பளம். ஆகவே பொதுமக்கள் என்றாலும் தந்தி ஆபீசுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வியாபாரிகளும் அதிகாரிகளும்தான்.

1856-ல் ஓஷானசிக்கு சர் பட்டம் கிடைத்தது.

கைமாற்றி விடும் வேலை

இங்கேதான் இன்டர்நெட்டின் அடிப்படை இருக்கிறது.

கம்பியின் நீளம் கூடக் கூட மின்சாரம் பலவீனம் ஆகும். கல்கத்தாவில் தட்டினால் ஒரே மூச்சில் சென்னையில் கேட்காது. ஆகவே வழியில் ஆபீஸ்கள் வைத்தார்கள். ஒரு ஆபீசில் செய்தியை வாங்கி எழுதிக்கொள்வார்கள். முகவரியைப் பார்ப்பார்கள். அடுத்த ஆபீசுக்குத் திரும்பத் தட்டுவார்கள். அவர்கள் அதற்கு அடுத்த ஆபீசுக்குத் தட்டுவார்கள்.

ஒரு ஆபீசுக்கும் முழு வழியும் தெரிய வேண்டியதில்லை. அடுத்த ஊர் எது என்று தெரிந்தால் போதும். திருவிழாவில் தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றி விடுவது போல.

இன்டர்நெட்டும் அப்படியே. பங்காருபாளையத்து வியாபாரியின் செல்போன் செய்தி நேராகக் கிருஷ்ணகிரிக்குப் பறந்து போகவில்லை. பக்கத்து டவருக்குப் போகிறது. அங்கிருந்து பூமிக்குள் புதைத்த கண்ணாடி இழை வழியாக ஒரு நிலையத்துக்குப் போகிறது. அங்கே ரூட்டர் என்ற கருவி இருக்கிறது. அது முகவரியைப் பார்த்து அடுத்த ரூட்டருக்குத் தள்ளுகிறது. அந்தக் காலத்துத் தந்தி குமாஸ்தா செய்த வேலையை இந்தக் கருவி செய்கிறது. குமாஸ்தாவுக்கு நிமிடக்கணக்கில் ஆனது. இதற்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்.

தந்தியில் புள்ளியும் கோடும் எழுத்தாக மாறின. கம்ப்யூட்டரில் சைபரும் ஒன்றும் எழுத்தாக, படமாக, பாட்டாக மாறுகின்றன. தந்தியில் ஆபீஸ் பெயர் முகவரி. இன்டர்நெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் முகவரி. நாம் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண்ணைத் தேடிக் கொடுக்கவும் டெலிபோன் டைரக்டரி போல ஒரு ஏற்பாடு இருக்கிறது.

1857-ல் நடந்தது

ஓஷானசி போட்ட வலையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

கல்கத்தாவில் இருந்து சென்னைக்குத் தந்தி அடித்தால் அது கடற்கரையோரமாக நேரே வராது. ஆக்ரா போய், பம்பாய் போய், நாட்டையே சுற்றிக்கொண்டு சென்னை வரும். இருந்தது அந்த ஒரே வழிதான்.

1857 மே மாதம் சிப்பாய்கள் புரட்சி செய்தார்கள். மே 11-ந் தேதி டெல்லியில் இருந்து தந்தி ஊழியர்கள் அம்பாலாவுக்குச் செய்தி அனுப்பினார்கள். அது பஞ்சாப் முழுவதும் போய்ச் சேர்ந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் உஷாராகி, அங்கிருந்த இந்திய சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். தந்திதான் தங்கள் ஆட்சியைக் காப்பாற்றியது என்று ஆங்கிலேயர்கள் பிறகு மார்தட்டிக்கொண்டார்கள்.

புரட்சிக்காரர்களும் அந்தக் கம்பியின் பலத்தைப் புரிந்துகொண்டார்கள். கல்கத்தாவுக்கும் ஆக்ராவுக்கும் இடையே கம்பங்களைச் சாய்த்தார்கள். கம்பிகளை அறுத்தார்கள். அந்த இரும்பை வெட்டித் துப்பாக்கிக்குக் குண்டாகப் போட்டதாகவும் குறிப்புகள் இருக்கின்றன.

ஒரு இடத்தில் அறுந்ததும் தலைநகரமான கல்கத்தா மற்ற ஊர்களில் இருந்து துண்டிக்கப்பட்டது. சுற்றிப் போக வேறு வழி இல்லை. அதன் பிறகு கல்கத்தாவில் இருந்து சென்னைக்குக் கிழக்குக் கடற்கரை வழியாகவும் கம்பி போட்டார்கள்.

அந்தக் கம்பி நம்மை அடக்கி ஆள வந்த கம்பி என்பதை மறக்க முடியாது. அறிவியல் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு வேலை செய்யும்.

மூன்று வழி இருந்தால்

ஒரே வழி ஆபத்து என்ற பாடத்தின் மேல்தான் இன்டர்நெட் கட்டப்பட்டிருக்கிறது.

திருப்பதியில் இருந்து சென்னைக்கு ரயிலில் போக எத்தனை வழி? ரேணிகுண்டா, அரக்கோணம் வழியாகப் போகலாம். கூடூர் வழியாகப் போகலாம். பாகாலா, சித்தூர், காட்பாடி வழியாகவும் போகலாம். மழையில் ஒரு பாதை அடித்துக்கொண்டு போனால் வண்டியை வேறு பாதையில் திருப்பி விடுவார்கள். நேரம் கூட ஆகும். ஆனால் ஊர் போய்ச் சேரும்.

1960-களில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனித்தனியாக இதே யோசனைக்கு வந்தார்கள். செய்தியை முழுசாக அனுப்பாதே. சிறு சிறு பொட்டலங்களாக உடை. ஒவ்வொன்றிலும் முகவரியும் வரிசை எண்ணும் எழுது. எந்தப் பாதை காலியாக இருக்கிறதோ அதில் அனுப்பு. போய்ச் சேர்ந்த இடத்தில் எண்படி அடுக்கிக்கொள்ளட்டும். இதுதான் அவர்கள் சொன்ன வழி.

ஒரு சரக்கு ரயிலின் வேகன்களைக் கழற்றி, சிலவற்றை காட்பாடி வழியாகவும் சிலவற்றை கூடூர் வழியாகவும் அனுப்பி, சென்னையில் மறுபடி கோர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு பொட்டலம் தொலைந்தால்? வாங்கும் கம்ப்யூட்டர் எண்களைப் பார்க்கும். ஏழு வந்திருக்கிறது, ஒன்பது வந்திருக்கிறது, எட்டைக் காணோம் என்று கண்டுபிடிக்கும். எட்டு வந்து சேர்ந்த தகவல் கிடைக்காததால் அனுப்பியவர் அதை மட்டும் திரும்ப அனுப்புவார்.

காலரா நோயாளியிடம் ஓஷானசி கண்ட அதே பாடம். எது குறைந்தது என்று பார். அதைத் திருப்பிக் கொடு.

1969 அக்டோபர் 29-ந் தேதி கலிபோர்னியாவில் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே முதல் செய்தி போனது. லாகின் என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றார்கள். இரண்டு எழுத்து போனதும் கருவி படுத்துவிட்டது. சிறிது நேரம் கழித்து முழுதும் போனது. 1983-ல் அந்த வலையில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே விதியில் பேசும் ஏற்பாடு வந்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15-ந் தேதி பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது.

கடலுக்கு அடியில்

வெளிநாட்டுச் செய்திகள் எல்லாம் வானத்தில் செயற்கைக்கோள் வழியாக வருகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பங்கு கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள் வழியாகவே வருகிறது.

இதுவும் புதிது அல்ல. 1871-லேயே சென்னையில் இருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி கேபிள் போட்டுவிட்டார்கள். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3 ஆயிரத்து 200 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி இழை கேபிள் போடப்பட்டது. அன்று போனது புள்ளியும் கோடும். இன்று போவது ஒளி. இரண்டு கேபிளும் சேர்த்த ஊர்கள் ஒன்றே.

கடைசி நாட்கள்

ஓஷானசி 1860-ல் இந்தியாவை விட்டுப் போனார். அதற்கு முன்பே தாம் செய்த முள் கருவியை ஒதுக்கிவிட்டு மோர்ஸ் கருவியை இங்கே கொண்டுவந்தார். தம்முடைய கண்டுபிடிப்பு என்ற பிடிவாதம் அவரிடம் இல்லை. எது நன்றாக வேலை செய்கிறதோ அதை எடுத்துக்கொண்டார்.

1861-ல் தம் பெயரைக் கூட மாற்றி வைத்துக்கொண்டார். அதன் பிறகு சுமார் 28 ஆண்டுகள் இங்கிலாந்தில் அமைதியாக வாழ்ந்தார். 1889 ஜனவரியில் சவுத்சீ என்ற கடற்கரை ஊரில் காலமானார். வயது 79.

டாக்டர்கள் அவரைத் தந்திக்காரர் என்று விட்டுவிட்டார்கள். தந்திக்காரர்கள் அவரை டாக்டர் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் அவரை மறந்தார்கள்.

அவர் போட்ட கம்பி மட்டும் வளர்ந்துகொண்டே போனது. அதிகாரிகளின் கம்பி மெல்ல மெல்ல ஜனங்களின் கம்பி ஆயிற்று. ராணுவத்தில் இருக்கும் மகன், சென்னையில் பிரசவத்துக்குப் போன மகள், எல்லையின் அந்தப் பக்கம் இருக்கும் அண்ணன், தம்பி என்று எல்லோருடைய சேதியும் அதில் வந்தது. தந்தி என்ற குரல் வாசலில் கேட்டாலே, பிரித்துப் படிக்கும் முன்பே வீட்டில் பெண்கள் அழத் தொடங்கிய காலம் உண்டு. வேலை கிடைத்தது, குழந்தை பிறந்தது என்று நல்ல சேதி வந்ததும் அதே அழுகை சிரிப்பாக மாறியதும் உண்டு.

2013 ஜூலை 14-ந் தேதி இரவோடு இந்தியாவில் பொதுமக்களுக்கான தந்தி சேவை நிறுத்தப்பட்டது. கடைசி நாளில் பல ஊர் ஆபீஸ்களில் கூட்டம் அலைமோதியது. பேரப் பிள்ளைகளுக்கு ஞாபகமாக இருக்கட்டும் என்று பலர் தந்தி கொடுத்தார்கள்.

தந்தி நின்றுவிட்டது. ஆனால் செய்தியை வாங்கி, முகவரியைப் பார்த்து, அடுத்தவரிடம் கைமாற்றி விடும் அந்த வேலை நிற்கவில்லை. பங்காருபாளையம் யார்டில் மாங்காய் வியாபாரி செல்போனைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் அது நடந்துகொண்டே இருக்கிறது.